உண்ணிக்கடி இல்லாத தோல்

திண்டுக்கல் பேகம்பூர் இஷாக் ஐம்பத்து மூன்று வயதுவரை எந்தப் பொருளையும் தானாகத் தேர்ந்தெடுத்தது கிடையாது. இதை அவருடைய குறையாகச் சொல்லிவிட முடியாது. தொழில் அப்படி. தோல் பதனிடும் ஷாப்பில் அவர் செலக்டர், தரம் பிரிக்கிறவர். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள மேஜை. இரண்டு பேர் தோலை விரிப்பார்கள். இஷாக் குனிந்து, விரல்களின் பின்பக்கத்தால் ஒரு தடவு தடவுவார். உள்ளங்கை காய்ப்பேறியது, பொய் சொல்லும். விரலின் முதுகு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. ஒரு தோலுக்கு ஏழு நொடி. அதற்குள் உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, அம்மை வடு, அறுத்தவன் கத்தி நழுவிய இடம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து ஓரத்தில் தரத்துக்கு ஓர் எண் போடுவார். தேறாததற்கு ஒரு பெருக்கல் குறி.

முப்பத்தொரு வருஷமாக இதே வேலை. குஜிலியம்பாறைப் பக்கத்து ஆடென்றால், அது எந்த வேலியில் நுழைந்து யாருடைய சோளத்தை மேய்ந்தது என்பதுவரை முதுகுக் கீறலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஷாப்பில் பேச்சு. கொஞ்சம் மிகைதான். சோளமா கடலையா என்பது அவருக்குத் தெரியாது.

ஆபத்து எங்கே வந்ததென்றால், மாலை ஆறு மணிக்கு மேஜையை விட்டு வந்த பிறகும் விரல் வேலையை விடவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீட்டுக்கு ஒரு சோபா வரவில்லை. நாகல் நகரிலிருந்து மதுரைவரை அவர் தடவாத சோபா இல்லை. தேறிய சோபாவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதையும் அவர் வாங்கவில்லை, ஒரு தேர்தலின்போது யாரோ போட்டுவிட்டுப் போனது. சமையலறைக்கு என்ன டைல்ஸ் என்ற ஆய்வு ஒன்பதாவது வருஷத்தில் நடந்துகொண்டிருந்தது. தரை சிமெண்டாகவே ஆய்வுக்கு ஒத்துழைத்தது. சட்டை எப்போதும் வெள்ளை, ஏனென்றால் வெள்ளையில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

அப்படியானால் கல்யாணம் மட்டும் எப்படி நடந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இஷாக் ஆம்பூருக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்த மூன்று நாளில் அவருடைய அத்தா பெண் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். மகள் ஃபர்ஹீனுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே வழிதான். இஷாக் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போன நேரத்தில் அவர் மனைவி சபிஹா தேதியைக் குறித்துவிட்டாள். இரண்டு கல்யாணமும் நன்றாகவே இருந்தன. இதிலிருந்து இஷாக் எந்தப் பாடமும் கற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கென்று ஓர் ஆசை இருந்தது. ஒன்றே ஒன்று. கல்யாணமான முதல் மாதம், சிறுமலை அடிவாரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது, மேல்கூரை மடக்கிய இரண்டு சீட்டு கார் ஒன்று மலையிறங்கிப் போனது. சிவப்பு. ஓட்டியவன் முடி பறந்தது. "அதுல போனா முக்காடு நிக்குமா?" என்றாள் சபிஹா. "ஒரு நாள் போய்ப் பாத்துருவோம்," என்றார் இஷாக். புதுமாப்பிள்ளைகள் சொல்கிற ஆயிரத்தில் ஒன்று. சபிஹா அதை மறந்துவிட்டதாக இஷாக் நினைத்திருந்தார். இஷாக் மறந்துவிட்டதாக சபிஹா நினைத்திருந்தாள்.

போன வருஷம் ஆனி மாதம், பழனி ரோட்டில் குஷன் கடை வைத்திருக்கும் வேலுசாமி தன் பையனுக்குக் காது குத்தினான். ஆட்டோ, பஸ் சீட்டெல்லாம் தைக்கிறவன். ஷாப்பில் கழிக்கிற துண்டுத் தோலை வாங்க அடிக்கடி வருவதால் இஷாக்குக்குப் பழக்கம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் விசேஷம் எரியோட்டில், தாய்மாமன் பெருமாள்சாமியின் தோட்டத்தில் நடந்தது. இஷாக்கும் போனார். சாப்பிட்டுக் கை கழுவக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கியவருடைய ஈர விரல், இருட்டில் எதன் மேலோ பட்டது. விரலின் பின்பக்கம்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பாய், பாம்பா?" என்றபடி பெருமாள்சாமி ஓடி வந்தார்.

"அண்ணே, இது சீமைத் தோலு."

"அது கோழி அடை வைக்கிற சீட்டு பாய்."

சாக்கையும் ஓலையையும் விலக்கிப் பார்த்தால், சீட்டுக்குக் கீழே ஒரு காரும் இருந்தது. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தாழ்ந்த மூக்கு, ஒரு காலத்தில் சிவப்பு. அறுபது வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தது. யாரோ ஒரு மில் முதலாளியின் மகன் ஓட்டி அலுத்துப்போய்த் தோட்டத்தில் விட்டது. தோட்டத்தை வாங்கியபோது கிணறு, மோட்டார், பதினெட்டு தென்னை, இந்தக் கார் என்று எல்லாம் சேர்ந்து பெருமாள்சாமிக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் சீட்டில் ஒரு கருங்கோழி உட்கார்ந்து வந்தவர்களை முறைத்தது.

"ஆர்.சி. புக்கு?" என்றான் பின்னாலேயே வந்த வேலுசாமி.

"கரையான் பூராத்தையும் படிச்சு முடிச்சிருச்சு மாப்ள. இஞ்சின் இருக்கு. பானெட்டைத் தெறந்து காட்டவா பாய்?"

"அது கெடக்கட்டும்ணே," என்றார் இஷாக். அவர் கோழிக்கு அந்தப் பக்கச் சீட்டில் குனிந்திருந்தார். தையல் விட்டு, நார் பிதுங்கி, வெடித்துக் கிடந்த தோல். ஆனாலும் ஓர் உண்ணிக்கடி இல்லை, ஒரு முள் கீறல் இல்லை. உண்ணியே இல்லாத ஒரு தேசத்தில், முள்ளே இல்லாத ஒரு புல்வெளியில், யாரும் சூடு போடாமல், கம்பால் அடிக்காமல், நிம்மதியாக வாழ்ந்து முடித்த ஒரு மாட்டை அவர் விரல் கண்டுபிடித்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கார் வாங்கப் போகிறவர்கள் கலங்குவதற்கு வேறு எத்தனையோ இடம் உண்டு. அடித்தட்டு முழுக்கத் துருவேறி, கொட்டகையின் மண்தரை தெரிந்தது. இஷாக் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெருமாள்சாமி நேர்மையான மனுஷன். காரை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர். "சும்மாவே எடுத்துக்குங்க பாய். ஆவணி பொறந்தா எனக்குக் கொட்டாய் வேணும், வெங்காயப் பட்டறை போடணும். அதுக்குள்ள எடுத்துருங்க. இல்லைன்னா காயலாங்கடைக்காரன் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கான்."

"ஆவணிக்கு முன்னாடி எடுத்துர்றேண்ணே. சீட்டுக்கு என்ன தோலுன்னு மட்டும் முடிவு பண்ணிக்கிறேன்."

வேலுசாமிக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான். "பாய், மொதல்ல வண்டியக் கொண்டாந்து போட்டுட்டுப் பெறகு தோலப் பாத்தா ஆகாதா?"

"சீட்டு இப்பிடிக் கிழிஞ்சு கெடக்க, அதைத் தெரு வழியா இழுத்துட்டு வரச் சொல்றியா? முப்பத்தொரு வருசம் செலக்டரா இருந்தவன்டா நான். நாலு பேரு என்ன சொல்லுவான்?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது சபிஹாவிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மேல் தெறந்ததா?"

"மடக்கலாம்."

"செவப்பா?"

"இருந்துச்சு."

மறுநாள் கடைவீதிக்குப் போனவள், கொத்தமல்லியோடு முக்காட்டுக்குக் குத்துகிற ஊசி இரண்டு வாங்கி வந்தாள். முத்து வைத்தது. காற்றுக்கு நிற்குமா என்று மொட்டைமாடியில் போய் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு அறைக்குள் போட்டு வைத்தாள்.

ஆனி இரண்டாவது ஞாயிறு, அளவெடுக்க இஷாக்கும் வேலுசாமியும் எரியோடு போனார்கள். வேலுசாமி மூன்று யோசனை வைத்திருந்தான். முதலாவது, ரெக்சின். "வெயில், மழை, கோழி, எதுக்கும் அசையாது பாய். வைரக் கட்டத் தையல் போட்டு, ஓரத்துல மஞ்சப் பைப்பிங் குடுத்தா அம்புட்டு பேரும் நின்னு பாப்பான்." இஷாக் அவனைப் பார்த்த பார்வையில் மஞ்சள் பைப்பிங் அங்கேயே உதிர்ந்துவிட்டது. இரண்டாவது, வெல்வெட் துணி. இதற்கு இஷாக் தொழுகை நேரமாகிவிட்டதா என்று கடிகாரம் பார்த்தார். மூன்றாவது, ஷாப்பில் கிடைக்கிற ஆட்டுத்தோல். "அது செருப்புக்கு உள்ள ஒட்டுறதுடா. மனுசன் உக்கார்ற எடத்துக்கா?"

பிறகு அவரே முழங்கால் போட்டு உட்கார்ந்து, சீட்டின் அடிமடிப்பை பிளேடால் மெல்லப் பிரித்தார். அறுபது வருஷமாக வெயில் படாத ஒரு விரல் அகலம் அங்கே இருந்தது. வெளியே கறுத்துப்போன தோல், உள்ளே பேரீச்சம்பழ நிறம். நோன்பு திறக்கும்போது வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு தெரியுமே, அந்தப் பேரீச்சம்பழம்.

"இதேதான் வேணும்," என்றார் இஷாக். "இதே நெறம். மாட்டுத்தோல், மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. மூணு தோல். மூணும் ஒரே தொட்டியில ஊறினது. உண்ணிக்கடி ஒண்ணுகூட இருக்கப்படாது."

"பாய்," என்றார் பெருமாள்சாமி, "இஞ்சினை ஒருக்கா..."

"அடுத்த தடவை பாக்கலாம்ணே."

மோர் கொண்டுவந்த பெருமாள்சாமியின் மனைவி சிவனம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒரு பெரிய மனுஷர் பழைய சீட்டை முகர்ந்துகொண்டிருந்தார். "இவுகளுக்கு வண்டி வேணுமா, சீட்டு வேணுமா?" என்று புருஷன் காதில் கேட்டாள். பெருமாள்சாமி, "சும்மா இரு," என்றார். ஆனால் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டுத் தோல் தொழில் கண்ட நீண்ட ஆய்வுகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் இஷாக் புறப்பட்டார். ஈரோட்டில் பார்த்த தோலில் நிறம் சரி, கழுத்துப் பக்கம் சுருக்கம். ராணிப்பேட்டையில் சுருக்கம் இல்லை, நிறம் போன வருஷத்துப் பேரீச்சம்பழம். வாணியம்பாடியில் ஒருவர் வைத்திருந்தது நிறத்திலும் சரி, சுருக்கத்திலும் சரி. வாசனையில் ஏதோ ரசாயனம். ஒரு கடைக்காரர் பொறுமையிழந்து, "பாய், மாடு உயிரோட இருக்கும்போதே வந்து பேசி வச்சிருக்கணும் நீங்க," என்றார். இஷாக் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பும்வரை அதற்கான சாத்தியத்தை யோசித்துக்கொண்டே வந்தார்.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. பெருமாள்சாமி விநாயகர் சதுர்த்திவரை தவணை கொடுத்தார். இஷாக் நான்கு துண்டு மாதிரித் தோலோடு எரியோடு போய், ஒவ்வொன்றாகச் சீட்டின் மடிப்பருகே வைத்துப் பார்த்து, நான்கிலும் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார். கோழி அதற்குள் குஞ்சு பொரித்துவிட்டிருந்தது. எடுத்த காரியத்தை அது தள்ளிப்போடவில்லை. வெங்காயம் பிடுங்கி வரப்பில் கிடந்தது. மேகம் கூடியது.

"ஃபர்ஹீன் அத்தா," என்றாள் சபிஹா ஒரு நாள் இட்லியை வைத்தபடி, "நார் தெரிஞ்சா என்ன? ஒரு ஜமுக்காளத்த விரிச்சுட்டு ஒரு நடை போயிட்டு வந்துருவோமே."

"ஜமுக்காளமா?"

"ஏன், நம்ம வீட்டுல இருக்கே. கோடு போட்டது."

"அதுல ஒரு நூலு ஏறி நிக்குது, நீ பாக்கலையா?" என்றார் இஷாக் வருத்தத்தோடு.

சபிஹா உள்ளே போய்விட்டாள்.

சதுர்த்திக்கு மூன்று நாள் இருந்தது. இஷாக் ஆம்பூரில் ஒரு கிடங்கின் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாவது அடுக்கின் அடியிலிருந்து கிடங்கு ஆட்கள் ஒரு தோல் கட்டை உருவி விரித்தார்கள். மூன்று தோல். பேரீச்சம்பழம். விரலின் முதுகு கழுத்திலிருந்து வால்வரை போய் வந்தது, எங்கும் தட்டவில்லை. அந்த நேரம் பார்த்து கைபேசி அடித்தது. பெருமாள்சாமி.

"பாய், மழை வந்துரும்போல இருக்கு. நாளைக்குக் கொட்டாயை ஒழிச்சே ஆகணும். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

இஷாக் இரண்டாவது தோலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். "அண்ணே, சீட்டைப் பத்திரமா எடுத்து வைங்க. எலி கடிச்சிரப் போகுது."

"சீட்டு வச்சிர்றேன். வேற?"

"வேற என்னண்ணே இருக்கு? சீட்டுத்தான் முக்கியம். அளவு மாறிருச்சுன்னா எல்லாம் போச்சு."

"அப்ப மத்தது வேணாமா பாய்?"

"செத்த இருங்கண்ணே, வெளிச்சத்துல ஒரு பார்வை பாத்துக்கிறேன்," என்ற இஷாக் கைபேசியை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். மூன்றாவது தோலும் தேறியது. முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக, பெருக்கல் குறி போடாமல், எண்ணும் போடாமல், சாக்குக்கட்டியைப் பைக்குள் வைத்தார். "கட்டுங்க," என்றார். கடைக்காரருக்கு நம்பிக்கை வராமல் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மேஜையில் பெருமாள்சாமி ஹலோ ஹலோ என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளைத் துணியில் சுற்றிய தோல் கட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இஷாக் எரியோடு பஸ்ஸில் போய் இறங்கினார். கொட்டகை தூரத்திலேயே மாறித் தெரிந்தது. மூங்கில் தட்டி கட்டி, கூரைவரை சின்ன வெங்காயம். வாசனை வரப்புவரை வந்து வரவேற்றது.

"வாங்க பாய், வாங்க!" பெருமாள்சாமி முகமெல்லாம் சிரிப்பு. "ஏய் சிவனம்மா, பாய் சாமானக் கொண்டா."

இருவரும் தார்ப்பாயில் சுற்றிய இரண்டு பொட்டலங்களைத் தூக்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, மரத்தடியில் வைத்தார்கள். இரண்டு சீட்டு. கோழி எச்சம் துடைத்து, தேங்காய் எண்ணெய் போட்டு, எலி வராமலிருக்க உள்ளே வேப்பிலை வைத்து. அவ்வளவு பக்குவமாக அந்த வீட்டில் யாரும் எதையும் எடுத்து வைத்ததில்லை.

"காரு?" என்றார் இஷாக்.

"அதைப் பேசுன மறுநாளே காயலாங்கடைக்காரன் அறுத்து ஏத்திட்டுப் போயிட்டானே. சீட்டுப் பக்கம் கத்தி படப்படாதுன்னு நான் கூடவே நின்னேன்ல."

இஷாக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாய்? நீங்கதானே சொன்னீக? நாலு தடவை இஞ்சினைக் காட்டவா, காட்டவான்னேன். நீங்க சீட்டுதான் முக்கியம்னீக. வந்த அன்னைக்கெல்லாம் சீட்டத்தான் அளந்தீக, சீட்டத்தான் மோந்தீக."

"ஆமாண்ணே," என்றார் இஷாக். அந்த மனுஷர் சொன்னதில் ஓர் உண்ணிக்கடிகூட இல்லை.

சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டி ஒன்று நின்றது. பெருமாள்சாமியே பேசி, பின்னால் மூட்டைகளுக்கு மேல் இரண்டு சீட்டையும் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். முன்னால் டிரைவர் பக்கத்தில் இடமில்லை, அங்கும் மூட்டை. ஆகையால் அன்று சாயங்காலம் எரியோட்டிலிருந்து திண்டுக்கல்வரை, சீமை ஸ்போர்ட்ஸ் காரின் அசல் சீட்டில் சாய்ந்து, மேல்கூரை இல்லாமல், எதிர்காற்றில் தாடி பறக்க இஷாக் பயணம் செய்தார். வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் வேலுசாமி சொன்னது பலித்தது. பக்கத்துச் சீட்டில் தோல் கட்டு இருந்தது. பறக்காமலிருக்க இஷாக் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் வைக்க இடமில்லை. சீட்டுகள் மொட்டைமாடிக்குப் போயின. சபிஹா கீழிருந்து ஒவ்வொரு படியாக முழங்காலைப் பிடித்து ஏறி வந்தாள். பார்த்தாள். கார் எங்கே என்று கேட்கவில்லை. ஏறி வருவதற்குள் தெரிந்துகொண்டுவிட்டாள். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"இதுல நான் எந்தப் பக்கம்?" என்றாள்.

"எடப்பக்கம்."

அவள் இடது சீட்டில் உட்கார்ந்தாள். நார் குத்தியிருக்கும், அசையவில்லை. முந்தானையிலிருந்து முத்து ஊசி இரண்டையும் எடுத்து, முக்காட்டை இழுத்து, காதுக்கு மேல் ஒன்றும் கழுத்தருகே ஒன்றும் குத்தினாள். கிராம்பு வாசனை வந்தது. மேற்கே மலைக்கோட்டைக்கு மேல் கறுத்திருந்த மேகத்திலிருந்து காற்று புறப்பட்டு வந்தது. முக்காடு நின்றது.

"நிக்குது பாருங்க," என்றாள். "வந்து உக்காருங்க."

"இந்தா, வந்துட்டேன்."

இஷாக் தோல் கட்டைப் பிரித்திருந்தார். சீட்டின் மேல் ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டு உட்காரலாம் என்றுதான் நினைத்தார். ஆம்பூர் கிடங்கின் ஜன்னல் வெளிச்சம் வேறு, திறந்த மாடியில் மழைக்கு முந்தைய வெளிச்சம் வேறு. அந்த வெளிச்சத்தில், இரண்டாவது தோலின் இடது தொடைப் பக்கம், கடுகில் பாதி அளவு, ஏதோ ஒன்று. அவர் குனிந்தார். விரலைத் திருப்பித் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"என்னங்க?"

"செத்த இரு."

சபிஹா செத்த நேரம் இருந்தாள். இஷாக் தோலைத் தூக்கிப் பிடித்து மேற்கே திருப்பினார், தெற்கே திருப்பினார், தரையில் விரித்து முழங்கால் போட்டார். முதல் தூறல் விழுந்தது. பிறகு இன்னும் நான்கு. அவள் ஊசிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சீட்டின் விளிம்பைப் பிடித்து எழுந்து, படியிறங்கிப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. இஷாக் பதறியடித்து, மூன்று தோலையும் வெள்ளைத் துணியில் சுருட்டி, ஒரு சொட்டுப் படாமல் நெஞ்சோடு அணைத்துக் கீழே ஓடினார். ஓடும்போதே வலது கை சட்டைப் பையில் சாக்குக்கட்டியைத் தேடியது. சீட்டுகள் இரண்டும் மேலேயே நனைந்துகொண்டிருந்தன.